புத்தூர் அஞ்சல் எண் கற்பித்த கணினிப் பாடம்

எங்கள் ஊர் ஆந்திரத்துப் புத்தூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஊர் என்றால் பலருக்குத் தெரியும். 1960இல் பக்கத்துத் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது; நாங்கள் வீட்டில் தமிழ் பேசிக்கொண்டே ஆந்திரத்தில் இருந்துவிட்டோம். அஞ்சல் குறியீட்டு எண் 1972இல் வந்தது. திருத்தணி 631209; புத்தூர் 517583. கடிதம் பிரிப்பவர் பெயரையோ தெருவையோ படிக்க வேண்டியதில்லை. முதல் இலக்கத்தைப் பார்த்தாலே எந்தப் பை என்று தெரிந்துவிடும்.

இந்தச் சின்ன விஷயத்தை மறந்ததால் 2020இல் எங்கள் அலுவலகத்தில் பெரிய சங்கடம் நேர்ந்தது. நோய்த்தொற்றுக் காலத்தில் அனைவரும் வீட்டிலிருந்தே வேலை செய்தோம். வீட்டுக் கணினிக்கும் அலுவலகத்துக்கும் இடையே, பிறர் படிக்க முடியாதபடி மறைத்து அமைக்கும் தனிப்பாதையே வி.பி.என். அதில் நுழைபவருக்கு நுழைவாயில் கருவி ஒரு தற்காலிக ஐ.பி. முகவரி தரும். அவசரத்தில் எல்லாருக்கும் ஒரே தொகுப்பிலிருந்து முகவரி வழங்கினோம்.

ஒருநாள் ஓர் ஒப்பந்த ஊழியர் ஊதியப் பட்டியல் இருந்த சர்வரைத் தற்செயலாகத் திறந்துவிட்டார். நேர்மையாக அவரே வந்து சொன்னார். ஆனால் அவரைத்தான் முதலில் சந்தேகித்தார்கள், வேலையே போயிருக்கும். கதவைத் திறந்து போட்டது நாங்கள் என்று எடுத்துச் சொல்லித்தான் அவரைக் காப்பாற்றினோம்.

பிறகு தொகுப்புகளைப் பிரித்தோம். மாதிரிக்கு ஒன்று:

கணக்குப் பிரிவு: 10.50.1.1 முதல் 62 வரை
பொறியாளர்கள்: 10.50.1.65 முதல் 126 வரை
ஒப்பந்த ஊழியர்கள்: 10.50.1.129 முதல் 190 வரை

ஒவ்வொரு தொகுதியும் 64 எண்கள் கொண்டது. முதலும் கடைசியும் நீங்கலாக 62 பேருக்குப் போதும். ஒருவர் பெயரும் கடவுச்சொல்லும் தந்ததும், நுழைவாயில் ரேடியஸ் என்னும் சரிபார்ப்பு சர்வரைக் கேட்கும். அது ஆளை உறுதி செய்வதோடு, அவர் எந்தக் குழு என்பதையும் சொல்லும். அந்தக் குழுவின் தொகுப்பிலிருந்து நுழைவாயில் முகவரி எடுத்துக் கொடுக்கும்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள்.

ஒன்று, முகவரி பூட்டு அல்ல. 'ஊதிய சர்வருக்குக் கணக்குப் பிரிவுத் தொகுப்பு மட்டுமே போகலாம்' என்று ஃபயர்வாலில் விதி எழுதினால்தான் பிரித்ததற்குப் பயன்.

இரண்டு, புதிய தொகுப்புகளுக்குத் திரும்பும் வழியை உள் ரௌட்டர்களுக்குச் சொல்ல வேண்டும். இல்லையேல் கேள்வி போகும், பதில் வராது.

மூன்று, 1996இல் வகுத்த விதிப்படி 10, 192.168 போன்ற தொடக்கமுள்ள எண்களை யாரும் தம் வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ வைத்துக்கொள்ளலாம். பல வீட்டு ரௌட்டர்கள் 192.168.1 என்றே தொடங்கும். அலுவலகமும் அதையே வைத்தால், உங்கள் கணினி அலுவலக சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். அதனால்தான் நாங்கள் 10.50ஐத் தேர்ந்தோம்.

பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி: 10.50.1.140 எந்தக் குழு? சரியாகச் சொல்பவர் பாடத்தைப் புரிந்துகொண்டார். பெரியவர்கள் வி.பி.என். இணைத்ததும் தங்களுக்கு வந்த முகவரியை ஒருமுறை பாருங்கள். வேறு பிரிவினருக்கும் அதே தொகுப்பிலிருந்துதான் வருகிறதென்றால், ஏன் என்று அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு நல்ல மனிதரின் வேலை அந்தக் கேள்வியில் இருக்கலாம்.