கம்பியில்லா இணைப்பும் லினக்ஸ் மடிக்கணினியும்

மடிக்கணினி வலையுடன் இணைய மறுத்தால் "அட்டை பழுது" என்று தீர்ப்புச் சொல்வது எளிது. சென்ற ஆண்டு, உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னர், என் பழைய கணினிக்கும் இத்தீர்ப்பே கிடைத்தது. பழுது பார்ப்பவர் புது அட்டைக்கு ரூ. 1,200 கேட்டார். அத்தொகை என்னிடம் இல்லாதது நன்மையாயிற்று. காரணத்தை நானே தேட நேர்ந்தது.

என் கணினியில் இருந்தது டெபியன் 11 என்னும் லினக்ஸ் வகை. கம்பியில்லா இணைப்பு ஒரே செயலன்று. வானொலி அட்டை, அதனை ஆளும் இயக்கி நிரல், அட்டைக்குள் ஏற்றப்படும் ஃபர்ம்வேர், கடவுச்சொல் சரிபார்ப்பு, முகவரி பெறுதல் எனப் படிப்படியாக நிகழ்வது அது. கீழ்ப்படி கெட்டால் மேற்படி இயங்காது. ஆதலின் கீழிருந்தே தேடவேண்டும்.

'எல்எஸ்பிசிஐ' என்று தட்டினேன். இன்டெல் அட்டையின் பெயர் வந்தது. முற்றிலும் செத்த அட்டை பட்டியலில் வராதல்லவா! அடுத்து 'ஆர்எஃப்கில் லிஸ்ட்'. விமானப் பயண விசையைக் கை தவறி அழுத்தியிருந்தால் இங்கே தெரியும், அதுவும் இல்லை. பின்னர் 'டிமெசேஜ்' கட்டளையால் கருனலின் குறிப்புகளைப் படித்தேன். தனக்குரிய ஃபர்ம்வேர் கோப்பு கிடைக்கவில்லை என்று இயக்கி புலம்பிக்கொண்டிருந்தது.

இக்கால அட்டைகள் பலவற்றுள் ஒரு சிறு செயலி உண்டு. அதற்கான ஆணைத்தொகுப்பைக் கணினியே ஊட்டவேண்டும். அத்தொகுப்பின் மூலநிரலை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. எனவே கட்டற்ற மென்பொருட் கொள்கையை முன்னிட்டு, டெபியன் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் அதனைச் சேர்க்காதிருந்தது. 2022இல் டெபியன் உறுப்பினர் வாக்களித்து இதனை மாற்றினர். 2023இல் வெளிவந்த டெபியன் 12 முதல் அது உடன் வருகிறது. கொள்கை தளர்ந்ததே என வருந்துவோரும் உண்டு. இணைப்புக்குரிய கோப்பை இணைப்பின் வழியேதான் பெறவேண்டும் என்னும் சிக்கலில் விழுந்து எழுந்த நான், மாற்றத்தின் பக்கமே நிற்பேன்.

நண்பரின் கைப்பேசியை யுஎஸ்பி கம்பியால் பொருத்தி, அதன் வலையைக் கடன் வாங்கினேன். மென்பொருள் மூலப் பட்டியலில் 'நான்-ஃப்ரீ' பகுதியைச் சேர்த்து, 'ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை' என்னும் பொதியை நிறுவி, கணினியை மீண்டும் தொடங்கினேன். 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்' என்றதும் அக்கம்பக்கத்து வலைகளின் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. விண்ணப்பம் அன்றிரவே சென்றது.

இணையும்போது 'என்எம்சிஎல்ஐ --ஆஸ்க் டிவைஸ் வைஃபை கனெக்ட்' என்று எழுதி, வலையின் பெயரைச் சேர்ப்பது நல்லது. கடவுச்சொல்லை அது தனியே கேட்கும். கட்டளையோடு சேர்த்துத் தட்டினால் கட்டளை வரலாற்றில் அது தங்கிவிடும். இணைந்த பின்னும் பக்கங்கள் திறக்கவில்லையெனில் '8.8.8.8' என்ற எண்ணுக்குப் 'பிங்' அனுப்பலாம். எண் பதில் தந்து பெயர்கள் மட்டும் திறக்காவிடில், பெயரை எண்ணாக்கும் டிஎன்எஸ் பகுதியிலேயே பெரும்பாலும் கோளாறு.

ஆய்வகக் கணினியில் வீட்டு வலையையோ கைப்பேசி வலையையோ இணைப்போர் இன்னொன்றும் அறிதல் வேண்டும். நெட்வொர்க் மேனேஜர் கடவுச்சொல்லை வழக்கமாக மறைகுறியாக்காமல் ஒரு கோப்பில் வைக்கிறது. அதனை நிருவாகி மட்டுமே திறக்க முடியும். ஆனால் ஆய்வகத்தில் நிருவாகியின் கடவுச்சொல் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதை நாமே அறிவோம். எழுமுன் 'என்எம்சிஎல்ஐ கனெக்ஷன் டெலிட்' என்று எழுதி, அவ்வலையின் பெயரைக் கொடுத்து அழித்துவிடுங்கள்.