அருவிக்கு இப்பால் ஒரு தலைநகர்

ஆனி, ஆடித் திங்களிற் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலத்தை நாடிப் பல்லாயிரவர் வருகின்றனர். அவருட் பலர் தென்காசியில் இறங்கி, மேலகரத்தைக் கடந்து, நேரே அருவிக்கரை சேர்வர், நீராடி மீள்வர். தாம் இறங்கிய ஊர் ஒருகாலத்திற் பாண்டியர் தலைநகராய் விளங்கியது என்பதை எண்ணுவோர் சிலரே. புகழ்மிக்க அருவியின் அருகே இருத்தலாலேயே கருத்தில் நில்லாத அந்நகரைக் காணும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

முதலில் மேலகரத்தில் சற்றே நிற்போம். இன்று ஒரு பேரூராட்சியாய் உள்ள இவ்வூர், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊராகும். அந்நூலின் சுவையறிந்த மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் வழங்கினார். அந்நிலம் குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது. அருவியைக் கண்டோர் பலர். அதனைத் தமிழில் நிலைபெறச் செய்தவர் ஊரையும் கண்டு செல்வதே முறை.

இனித் தென்காசி. பதினான்காம் நூற்றாண்டில் மதுரையை இழந்த பாண்டியர், தெற்கே ஒதுங்கித் தம் மரபைக் காத்தனர். அவருள் அரிகேசரி பராக்கிரம பாண்டியன் (1422–1463) 1446-ஆம் ஆண்டிற் காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்கினான். அவன் தொடங்கிய கோபுரத்தைக் குலசேகர பாண்டியன் முடித்தான். நைடதமும் வெற்றிவேற்கையும் இயற்றிய அதிவீரராம பாண்டியனும் இம்மரபினனே. அவன் பட்டமெய்தியது 1564-இல். அடுத்த ஆண்டே தலைக்கோட்டைப் போரில் விசயநகரப் பேரரசு தோல்வியுற்றது. அப்பேரரசின் தலைநகராகிய ஹம்பியின் இடிபாடுகளைக் காண உலகெங்கணுமிருந்து மக்கள் வருகின்றனர். தென்காசியோ இடிபாடு அன்று. சந்தையும் தெருவும் வழிபாடும் அறாது வாழும் நகர். 2019-ஆம் ஆண்டு முதல் அது ஒரு மாவட்டத்தின் தலைநகருமாகும்.

கோயில் வாயிலிற் புகுவோரை மேற்கினின்று வரும் காற்று எதிர்த்துத் தள்ளும். உள்ளே திருவோலக்க மண்டபத்தில் வீரபத்திரர், மன்மதன், இரதி முதலிய வடிவங்கள் தூணோடு ஒரே கல்லில் அமைந்துள்ளன. விரைந்து நடப்போர் இவற்றைக் காணார். ஒரு முற்பகல் முழுதும் இதற்கென ஒதுக்குதல் வேண்டும்.

எல்லாவற்றினும் சிறந்தது பராக்கிரமன் பொறித்த கல்வெட்டுப் பாடல்களே. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஊறு நேருமாயின், அதனைச் சீர்செய்து காப்பவர் அடிகளிற் பணிவதாக அம்மன்னன் அவற்றிற் கூறுகின்றான். முடியுடை வேந்தன், தான் காணாத மக்களை வணங்குகின்றான். அவன் அஞ்சியவாறே கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாய் நின்றது. 1990-ஆம் ஆண்டில், ஏறத்தாழ 180 அடி உயரமுடைய ஒன்பது நிலைக் கோபுரமாய் அது மீண்டும் எழுந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு வேண்டுகோளுக்கு ஊரார் விடை கூறினர் எனலாம்.

ஆதலின், நண்பர்களே, சுற்றுலாச் செல்லும் நாமும் அவ்வேந்தன் வணங்கியவர் வரிசையிற் சேரலாம். பழந்தூண்களில் தம் பெயரைக் கீறிச் செல்லும் வழக்கம் இன்றும் ஒழிந்திலது. ஆங்குள்ள எழுத்தைப் படித்து, நம் எழுத்தை விட்டுவாராது மீள்வோமாயின், அதுவும் அக்கோயிலைக் காத்தலேயாம். அடுத்த சாரலிற் குற்றாலம் செல்வோர், அருவிக்கு ஒரு நாள் எனின், தென்காசிக்கு அரைநாளேனும் கொடுப்பாராக.