எங்கிருந்து அளப்பது?

நுழையும்முன்

ஒரே வேலையை நாள்தோறும் பலமுறை செய்ய நேரும்போது அதனைக் கணினியிடமே ஒப்படைக்கலாம். சுட்டி எங்கே செல்லவேண்டும், எதைச் சொடுக்கவேண்டும் என்பவற்றை வரிசையாக எழுதித்தருவதே தன்னியக்க நிரல். அந்நிரல் பெரும்பாலும் இடங்களை எண்களாலேயே அறிகிறது. அவ்வெண்கள் எங்கிருந்து அளக்கப்படுகின்றன என்பதை அறிவோம்.

திரையின் ஆதிப்புள்ளி

கணக்குப் பாடத்தின் வரைபடத்தில் ஒய் அச்சின் எண்கள் மேல்நோக்கிக் கூடும். கணினித்திரையில் அவை கீழ்நோக்கிக் கூடும். முதன்மைத் திரையின் இடப்பக்க மேல்மூலையே ஆதிப்புள்ளி (0, 0). 1920 படப்புள்ளி அகலமும் 1080 படப்புள்ளி உயரமும் கொண்ட திரையில் வலப்பக்கக் கீழ்மூலை (1919, 1079) ஆகும். எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் ஒன்று குறைகிறது. முதன்மைத் திரைக்கு இடப்புறம் மற்றொரு திரையை அமைத்தால், அங்குள்ள புள்ளிகளின் எக்ஸ் மதிப்புகள் குறை எண்களாக இருக்கும்.

சாளரத்தின் ஆதிப்புள்ளி

திரையில் திறக்கும் ஒவ்வொரு சாளரத்திற்கும் அதன் மேல்மூலையிலிருந்து தனி அளவு உண்டு. ஒரு சாளரத்தின் மூலை திரையில் (400, 150) என்னும் இடத்தில் இருக்கிறது என்க. அம்மூலையிலிருந்து (120, 80) தொலைவில் 'சேமி' என்னும் பொத்தான் உள்ளது. இரண்டையும் கூட்டினால் பொத்தானின் திரை ஆயத்தொலைகள் (520, 230) எனக் கிடைக்கும்.

இப்போது சாளரத்தை (600, 300) என்னும் இடத்திற்கு நகர்த்துகிறோம். பொத்தான் (720, 380)க்குச் சென்றுவிட்டது. சாளரத்திற்குள் அதன் இடமோ (120, 80) என்றே நிற்கிறது. திரை அளவை நம்பி எழுதிய நிரல் பழைய (520, 230)ஐயே சொடுக்கும். அங்கே பின்னால் திறந்திருக்கும் வேறொரு சாளரத்தின் 'நீக்கு' பொத்தான் இருந்தால் அதுவே அழுத்தப்படும். கணினி பிழை என்று எச்சரிக்காது. சொன்ன இடத்தைச் சொடுக்கியதோடு அதன் கடமை முடிந்தது.

மூவகை அளவுகள்

விண்டோஸ் கணினிகளில் பயன்படும் ஆட்டோஹாட்கீ என்னும் நிரல்மொழியில் திரை, சாளரம், சாளரத்தின் உட்பகுதி என மூவகை அளவுகள் உள்ளன. உட்பகுதி என்பது தலைப்புப் பட்டையும் விளிம்பும் நீங்கலான இடம். அளவு எதுவெனக் குறிப்பிடாதபோது, அம்மொழியின் 1.1 பதிப்பு சாளரத்தை அடிப்படையாகக் கொள்ளும். 2022ஆம் ஆண்டு வெளிவந்த 2.0 பதிப்பு உட்பகுதியை அடிப்படையாகக் கொள்ளும். எனவே பழைய நிரலின் எண்களை அப்படியே புதிய பதிப்பில் இட்டால், சொடுக்கு தலைப்புப் பட்டையின் உயரத்தளவு கீழே தள்ளி விழும்.

தெரிந்து தெளிவோம்

சாளரத்தின் அளவை மாற்றினாலும், திரையின் உருப்பெருக்கத்தை 100 விழுக்காட்டிலிருந்து 125 விழுக்காடாக்கினாலும் உள்ளிருக்கும் பொத்தான்கள் இடம்மாறலாம். ஆகவே, சொடுக்கும் முன் உரிய சாளரம் முன்னிற்கிறதா என நிரல் சோதிக்கவேண்டும். இயலுமிடத்தில் பொத்தானை இடத்தால் அன்றிப் பெயரால் சுட்டுவது மேலும் நன்று.

எண் எத்துணைத் துல்லியமாக இருப்பினும், எங்கிருந்து அளந்தது என்பது தெரியாவிடில் அது இடத்தைக் காட்டாது.

கற்பவை கற்றபின்

1. ஒரு சாளரத்தின் மூலை (250, 100). அதனுள் பொத்தான் (40, 60). பொத்தானின் திரை ஆயத்தொலைகளைக் காண்க.
2. அச்சாளரத்தை இடப்புறத் திரையில் (−800, 100)க்கு நகர்த்தினால் விடை எவ்வாறு மாறும்?
3. திரை அளவைவிடச் சாளர அளவு எச்சூழலில் ஏற்றது? காரணம் கூறுக.