சுவர் ஏன் சாய்கிறது?

2021 டிசம்பர் 17 அன்று காலை, திருநெல்வேலி டவுனில் ஒரு பள்ளியின் கழிப்பறை முன்சுவர் இடிந்து விழுந்தது. மூன்று மாணவர்கள் இறந்தனர். வேறு சிலர் காயமுற்றனர். அச்சுவருக்கு முறையான அஸ்திவாரம் இல்லை என்று அப்போது செய்திகள் வெளிவந்தன.

புயலோ நிலநடுக்கமோ அன்று இல்லை. பின் சுவர் எப்படி விழுகிறது? திருப்புத்திறன் பாடம் படித்தவர்களுக்கு இது எளிய கணக்குத்தான். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

2 மீட்டர் உயரமுள்ள நாலரை அங்குலச் சுவர் ஒன்று தனியே நிற்கிறது. அதன் கனம் 11.5 செ.மீ. ஒரு கனமீட்டர் செங்கற்கட்டின் எடை ஏறக்குறைய 1900 கிலோ. ஆகவே, ஒரு மீட்டர் நீளச் சுவரின் எடை சுமார் 440 கிலோ. பெரிய எடைதான்! ஆனால் அதைச் சாயவிடாமல் காக்கும் தூரம், கனத்தில் பாதியான 5.75 செ.மீ. மட்டுமே. எடையைத் தூரத்தால் பெருக்கி, 2 மீட்டரால் வகுத்தால் 13 கிலோவுக்கும் குறைவாகவே வருகிறது. அதாவது உச்சியில் அவ்வளவு விசை போதும், சுவர் கவிழ்ந்துவிடும்! சாந்தின் பிடிப்பை நான் சேர்க்கவில்லை. நல்ல சாந்து தாங்கும். அடியில் விரிசல் கண்ட சுவரில் அந்தப் பிடிப்பை நம்ப முடியாது.

ஒன்பது அங்குலச் சுவரானால்? எடையும் இரு மடங்கு, தூரமும் இரு மடங்கு. எனவே தாங்கும் விசை நான்கு மடங்கு. செங்கல் மிச்சம் பிடிப்பவர்கள் இந்தப் பெருக்கலை மறந்துவிடுகிறார்கள்.

இனி மண்ணைப் பாருங்கள். ஒரு காலத்தில் கடல்துறைமுகமாக விளங்கிய கொற்கை, இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த வண்டல்தான் காரணம். இத்தகைய மண் நனைந்தால் இளகும். ஒரு பக்கம் அதிகமாக அமிழும். பாறை நிலத்தில் போதுமான அஸ்திவாரம் இங்கே போதாது.

தண்ணீர் சுவரைத் தள்ளவும் செய்யும். சுவரின் பின்னால் 1 மீட்டர் உயரம் நீர் தேங்கினால், ஒரு மீட்டர் நீளத்துக்கு 500 கிலோ விசை. 2 மீட்டர் தேங்கினால் 2000 கிலோ! கவிழ்க்கும் திருப்புத்திறனோ எட்டு மடங்கு. மண்ணைத் தாங்கும் சுவர்களில் நீர் வடிய துளைகள் விடுவது இதற்காகவே. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று, கனமழையின்போது சுற்றுச்சுவர் வீடுகளின்மேல் சரிந்து 17 பேர் மாண்டனர்.

கட்டட வேலை நடக்கும் இடங்களில் சுவரையொட்டி மணலைக் குவிப்பார்கள். குழாய் பதிக்க அஸ்திவாரத்தின் ஓரமாகவே பள்ளம் தோண்டுவார்கள். முன்னது தள்ளுகிறது, பின்னது பிடிமானத்தைப் பறிக்கிறது. இரண்டும் ஒரே சுவரில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லலாம்.

அபாயத்தை மதிப்பிடுபவர் இன்னொன்றையும் கேட்பார்: அருகில் யார் நிற்பார்கள், எப்போது? பாழ்நிலத்தில் நிற்கும் சுவரும் இடைவேளையில் கூட்டம் கூடும் இடத்துச் சுவரும் ஒரே அளவு பலவீனமாக இருக்கலாம். எனினும் முதலில் இடிக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

சுவரைத் தள்ளிச் சோதிக்காதீர்கள்! சாய்ந்திருப்பதாகத் தோன்றினால் எட்டி நின்று, கையில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலோடு சுவரின் விளிம்பை ஒப்பிடுங்கள். உச்சி, தன் கனம் அளவுக்கு வெளியே வந்துவிட்டால், ஈர்ப்பு மையம் அடிவிளிம்புக்கு நேர்மேலே வந்துவிடும். நாலரை அங்குலச் சுவருக்கு அது வெறும் 11.5 செ.மீ. அதில் கால்பங்கு சாய்வு தெரிந்தாலும் அன்றே ஆசிரியரிடம் சொல்லுங்கள்.