பினாங்கிலிருந்து சென்னை: தொலைவும் நேரமும்

கெடா மாநிலத் தோட்டங்களில் வாழும் நம் மக்களுள் பலருக்குத் தமிழகத்தில் உறவினர் உளர். திருமணம், திருத்தலப் பயணம், நோயுற்றோரைக் காணல் எனப் பல காரணங்களை முன்னிட்டு அவர்கள் சென்னைக்குச் செல்கின்றனர். பயணச்சீட்டில் குறித்துள்ள நேரத்தைச் சரியாக அறியாது விமானத்தைத் தவறவிடுவோரும் உண்டு. பல மாதச் சேமிப்பு ஓர் இரவில் வீணாகாதிருக்க, இக்கணக்கை நாம் கற்றுக்கொள்வது நலம்.

முன்னாளில் கப்பலே வழியாக இருந்தது. 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜுலா’ கப்பல், சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து நம் முன்னோரைப் பினாங்குக்குக் கொணர்ந்தது. அவர்கள் பல நாட்களைக் கடலிலேயே கழித்தனர். பின்னர் வந்த ‘சிதம்பரம்’ கப்பலின் சேவையும் 1985-இல் நேர்ந்த தீ விபத்தோடு முடிவுற்றது. 2024 டிசம்பரில் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே நேரடி விமானச் சேவையைத் தொடங்கியது.

பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,370 கிலோமீட்டர். விமானம் மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் பறப்பதாகக் கொண்டால், மூன்று மணி நேரத்தில் சென்றுவிடலாம். ஆயினும் ஓடுபாதையில் செல்லுதல், மேலே ஏறுதல், இறங்குதல் ஆகியவற்றையும் சேர்த்தால் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும்.

இனி, கடிகாரக் கணக்கைக் காண்போம். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே, 15 பாகைக்கு ஒரு மணி நேரம் வேறுபடும். இந்தியா 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டையும், மலேசியா 120 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டையும் ஒட்டி நேரத்தை வகுத்துள்ளன. இரண்டுக்கும் இடையே 37.5 பாகை, அதாவது இரண்டரை மணி நேரம். 1982-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீபகற்ப மலேசியா, சபா, சரவாக் மாநிலங்களின் நேரத்தோடு இணைவதற்காகக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. அதற்கு முன் வேறுபாடு இரண்டு மணி நேரமே. நம் தோட்டங்களில் காலை 7 மணிக்குப் பின்னரே கதிரவன் எழுவதன் காரணமும் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு: விமானம் பினாங்கில் காலை 9.30-க்குப் புறப்பட்டுச் சென்னையை 10.45-க்கு அடைவதாகக் கொள்வோம். பார்வைக்கு ஒன்றேகால் மணி நேரம்; அதனோடு இரண்டரையைக் கூட்டினால் மூன்றே முக்கால். திரும்பும்போது பின்னிரவு 2.00-க்குப் புறப்பட்டுக் காலை 8.15-க்கு வந்தால், ஆறேகாலிலிருந்து இரண்டரையைக் கழிக்க வேண்டும். விடை அதே மூன்றே முக்கால்.

நினைவிற்கொள்ள வேண்டியவை:

1. சீட்டில் உள்ள நேரம் அந்தந்த ஊரின் நேரமாகும்.

2. ‘15-ஆம் தேதி, பின்னிரவு 2.00’ என்றிருந்தால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருத்தல் வேண்டும். பலர் ஏமாறுவது இவ்விடத்தில்தான்.

3. மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்க. காலை 9.30 விமானத்திற்குச் சுங்கை பட்டாணியிலிருந்து 5 மணிக்கே புறப்படுதல் நன்று. பால்மரம் வெட்டுவோருக்கு அது பழகிய வேளையன்றோ!

பயிற்சி: இங்கு இரவு 9 மணியாயின், சென்னையில் மணி என்ன? பிள்ளைகளோடு அமர்ந்து கணக்கிடுங்கள். (விடை: மாலை 6.30)