சேஷாசலத்தில் பதினைந்து நாள்: இரவில் எங்கே படுப்பது?

கேள்வி: நானும் என் தம்பியும் ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்காவில் பதினைந்து நாள் தங்கலாம் என்றிருக்கிறோம். கூடாரம், சின்ன அடுப்பு, அரிசி பருப்பு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு தலகோனாவில் நுழைந்து, காட்டுக்குள்ளேயே நடந்து, திருமலையில் வெளியே வர ஆசை. இருவருக்கும் மலையேறிப் பழக்கம் உண்டு. எந்த மாதம் போகலாம்? எவ்வளவு தண்ணீர் வேண்டும்? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?
— வாசகர், குடியாத்தம்

பதில்: நீங்கள் கேட்ட மூன்றுக்கும் விடை சொல்லலாம். ஆனால் கேட்காமல் விட்ட நான்காவது ஒன்று இருக்கிறது: பொழுது சாய்ந்தபின் எங்கே படுப்பீர்கள்? மற்ற மூன்றின் விடையும் அதைப் பொறுத்துத்தான் அமையும். சேஷாசலத்தில் நெடுநாள் தங்க விரும்புகிறவர் காட்டின் விளிம்பில் படுத்து, பகலில் உள்ளே போய், இருட்டுமுன் திரும்ப வேண்டும். நாட்கள் கூடக் கூட இந்த விதியும் இறுகும். ஒருநாள் நடந்துவிட்டு வருகிறவருக்கு அதிர்ஷ்டம் துணை நிற்கலாம். பதினைந்து இரவும் அது துணை நிற்காது.

முதலில் காட்டின் அளவைப் பார்ப்போம். 1989இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இந்த நிலத்தின் பரப்பு 353 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால், ஒரு நகரத்தைவிடச் சிறிய இடம் என்பது விளங்கும். இதைச் சுற்றியுள்ள மலைகளையும் சேர்த்து 2010இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டது. ஆந்திரத்தின் முதல் உயிர்க்கோளக் காப்பகமான அதன் பரப்பு ஏறத்தாழ 4,756 சதுர கிலோமீட்டர். பூங்காவின் எல்லையைத் தாண்டிவிட்டால் தடையில்லை என்று நினைக்க வேண்டாம். வெளியே இருப்பதும் பெரும்பாலும் காப்புக்காடுதான். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவு எந்தெந்தக் காரணங்களுக்கு நுழைவு அனுமதி தரலாம் என்று வரிசைப்படுத்துகிறது: வன உயிர் ஆய்வு, ஒளிப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கே குடியிருப்பவரோடு முறையான அலுவல். சுற்றுலா என்ற சொல் பட்டியலில் இருப்பதால், விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்கலாம் என்று பொருளில்லை. எந்த வழியில், எத்தனை பேர், எத்தனை மணிவரை என்று வனத்துறை வகுத்தபடிதான் போக முடியும். காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவதையும், முன் அனுமதியின்றி ஆயுதம் கொண்டு போவதையும் அதே சட்டம் தடுக்கிறது. உங்கள் அடுப்பும் கத்தியும் அங்கேயே கேள்விக்குறி ஆகிவிடுகின்றன.

சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, வெறும் கணக்காகவே உங்கள் திட்டத்தைப் பார்க்கலாம். வறண்ட மலையில் நாள் முழுதும் நடக்கும் ஒருவருக்குக் குடிக்க நான்கு லிட்டர், சமைக்க ஒரு லிட்டர் என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்குப் பதினைந்து நாளுக்கு 150 லிட்டர், அதாவது 150 கிலோ. அதைச் சுமக்க முடியாது என்பதால், நீர் இருக்கும் இடத்தில்தான் தங்கியாக வேண்டும். நீர் எங்கே இருக்கிறது என்பதை ஊர்ப்பெயர்களே சொல்லிவிடும். தெலுங்கில் ‘கோனா’ என்றால் மலையிடுக்குப் பள்ளத்தாக்கு. தலகோனா, குண்டலகோனா என்ற பெயர்களையும், திருமலைப் பக்கத்தில் தும்புரு தீர்த்தம், குமாரதாரா, ராமகிருஷ்ண தீர்த்தம், பாபவிநாசம் என்ற பெயர்களையும் ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அது ஏறக்குறைய இந்த மலையின் நீர் வரைபடமாகவே இருக்கும். மேலே கிடக்கும் கெட்டியான குவார்ட்சைட் பாறையின் வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, செங்குத்துப் பாறையின் அடியில் கசிந்து வெளிவருகிறது. சுனைகள் எல்லாம் பள்ளத்திலும் பாறையடியிலும் இருப்பதற்கும், முகடுகள் காய்ந்து கிடப்பதற்கும் காரணம் அதுதான். ஆக, நடக்க வசதியான முகட்டில் நீர் இல்லை. நீர் உள்ள பள்ளத்தில் படுக்கப் பாதுகாப்பு இல்லை.

ஏன் பாதுகாப்பு இல்லை என்பதைப் பருவங்கள் சொல்லும். இந்த மலைகளுக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையின் வடகிழக்குப் பருவம். 2021 நவம்பரில் பெய்த மழையில் திருமலை மலைப்பாதையில் பாறைகள் சரிந்தன. திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டு நடைபாதை சேதமாகி, மறுபடி திறக்க 2022 மே வரை ஆயிற்று. மலைக்கு மறுபுறம் செய்யேற்றில் அன்னமய்யா அணையே உடைந்தது. சிமெண்டும் கம்பியும் போட்டுக் கட்டிய படிகளுக்கே அந்தக் கதி என்றால், கோனாவின் அடியில் அடித்த கூடாரத்தின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. மழை முடிந்து மாசி பங்குனி வந்தால் நிலைமை தலைகீழ். இலையுதிர்காடு காய்ந்து சருகாகிவிடும். 2014 மார்ச்சில் திருமலைக் காடுகளில் பற்றிய தீயை அணைக்க விமானப்படை ஹெலிகாப்டர்களை வரவழைக்க வேண்டியிருந்தது. அந்த மாதங்களில் எஞ்சியிருக்கும் நீர்க்குட்டைகள் சில. அவற்றை நம்பியிருக்கும் உயிர்கள் பல. சிறுத்தை, கரடி, செந்நாய், கடமான், யானை எல்லாம் வந்து சேரும் அதே கரையில் நீங்களும் படுத்திருப்பீர்கள். நீர் மிகுந்த காலத்தில் வெள்ளம் மிரட்டும், நீர் குறைந்த காலத்தில் தீயும் விலங்கும். இடையில் இருக்கும் மார்கழி, தை இரண்டும்தான் ஓரளவு இணக்கமான காலம். ஓடைகளில் நீர் நிற்கும், வெயில் ஏறியிருக்காது, சருகும் முழுதாகக் காய்ந்திருக்காது. ‘எந்த மாதம்’ என்ற கேள்விக்கு விடை இதுதான்.

நல்ல மாதத்திலும் இரவு இரவுதான். 2023இல், திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதையில் ஜூனில் ஒரு சிறுவனைச் சிறுத்தை தூக்கிச் சென்று காயப்படுத்தியது. ஆகஸ்டில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி உயிரிழந்தாள். ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கானோர் கோவிந்த நாமம் சொல்லி ஏறும், விளக்கும் கூரையும் கடைகளும் உள்ள வழி அது. 2025 பிப்ரவரியில், சிவராத்திரிக்காகக் குண்டலகோனா காட்டுவழியில் இரவில் நடந்த பக்தர்களில் மூவர் யானைகளிடம் சிக்கி உயிரிழந்தார்கள். இந்த மலைகளில் யானை புதிய வரவு. 1980களில் தமிழக, கர்நாடக எல்லைக் காடுகளிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குள் வந்த கூட்டங்களால்தான் குப்பம், பலமனேர் பக்கம் கௌண்டின்யா சரணாலயமே உருவானது. தலைமுறை தலைமுறையாகப் பழகிய யானைத்தடம் இங்கே இல்லை. எந்த ஓடை வழியே எப்போது வரும் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது.

தமிழ் வாசகர் என்பதால் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்தக் காட்டின் தலைவிதியை எழுதுவது செம்மரம். முதலைத் தோல்போலக் கட்டம் கட்டமாக வெடித்த கரிய பட்டை. கீறினால் இரத்தம்போல் கசியும் பால். நடுவில் விதை புடைத்து, ஓரம் தட்டையாக, சின்ன அப்பளம் போன்ற காய். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய இந்த மரத்தை வெட்டிக் கடத்தும் கும்பல்கள் கூலியாட்களைத் திரட்டுவது பெரும்பாலும் நம் மலையூர்களிலிருந்துதான். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் சிறப்புப் படை சுட்டு இறந்த இருபது பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அந்தத் துப்பாக்கிச்சூட்டின் நியாயம் வேறு விவாதம். உங்களுக்கு வேண்டியது அது கற்பிக்கும் நடைமுறை உண்மை: கையில் அனுமதித்தாள் இல்லாமல், முதுகில் பெரிய பையும் கயிறும் கத்தியுமாக, இருட்டில் தமிழ் பேசிக்கொண்டு செம்மரக் காட்டுக்குள் நிற்கும் இரண்டு இளைஞர்களை, ரோந்து வருபவர் இயற்கை ஆர்வலர்களாக எண்ண வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். அலாஸ்காவின் டெனாலியில் வாரக்கணக்கில் கூடாரம் அடிக்கிறார்களே, நமக்கு மட்டும் ஏன் தடை என்பது முதலாவது. டெனாலி சுமார் 60 லட்சம் ஏக்கர், நம் பூங்காவைப்போல ஏறத்தாழ எழுபது மடங்கு. அங்கும் இரவு தங்க அனுமதிச் சீட்டு உண்டு; பகுதிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு; கரடி திறக்க முடியாத பெட்டியில் உணவை வைக்க வேண்டிய கட்டாயமும் உண்டு. அங்கே கிடைப்பது கட்டுப்பாடற்ற சுதந்திரம் என்பது நம் கற்பனை. இரண்டாவது மறுப்பு, பக்தர்கள் தும்புரு தீர்த்தம்வரை நடக்கிறார்களே என்பது. நடக்கிறார்கள், பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி மட்டும். மாசிப் பௌர்ணமிக்குக் குமாரதாரா, பங்குனிக்குத் தும்புரு என்று நாள் குறித்து, வழிநெடுக ஆள் நிறுத்தி, திருமலைத் தேவஸ்தானமே சோறும் நீரும் மருத்துவமும் ஏற்பாடு செய்து, கூட்டமாக அனுப்பிக் கூட்டமாகத் திரும்ப அழைக்கும் நடை அது. அந்த ஏற்பாடே, தனியாகப் போகக்கூடாது என்பதற்குச் சாட்சி. மூன்றாவது, எங்களுக்குப் பழக்கம் உண்டு என்பது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மாட்டிக்கொண்டவர்களும் ஆர்வத்தோடு குழுவாகப் போனவர்கள்தாம். வழி தெரிந்த கால்களாலும் காற்றோடு வரும் தீயை முந்த முடியவில்லை. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழக்கம் களைப்பைக் குறைக்கும், பருவத்தை மாற்றாது.

அப்படியானால் பதினைந்து நாளும் வீணா? நேர்மாறு. நடந்து கடப்பவர் கண்ணில் படாதவை, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவருக்குத்தான் கிடைக்கும். முதல் எட்டு நாளைத் தலகோனாவுக்குக் கொடுங்கள். திருப்பதியிலிருந்து பாகராப்பேட்டை வழியாக அறுபது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. சுற்றுலாத்துறை, வனத்துறை விடுதிகள் உள்ளன. 270 அடி உயர அருவியைப் பார்த்துவிட்டு அன்றே திரும்புகிறவர்களே அதிகம். நீங்கள் தினமும் காலையில் அதே பாதையில், உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். இந்தக் காட்டோடு பழகிய யானாதிப் பழங்குடியினர் போன்றோரின் கண் உங்கள் பைனாகுலரைவிடக் கூர்மையானது. மரத்துக்கு மரம் தாவிப் படரும் ஆனைக்கொடியையும் அதன் கையளவு நீளம் தாண்டிய காயையும் முதல் நாளே பார்த்துவிடலாம். பொன்பல்லிக்குப் பொறுமை வேண்டும். ஈரமான பாறைப் பிளவில் வாழும் அந்தப் பல்லியை பெட்டோம் என்ற சென்னை மாகாண வன அதிகாரி 1870இல் விவரித்தார். அதன்பின் கண்ணில் படாமல் இருந்து, 1980களில் இதே திருப்பதி மலைகளில்தான் மறுபடி கண்டறியப்பட்டது. பாறையில் முட்டைகளைக் கொத்தாக ஒட்டிவைக்கும் இடத்தை அடையாளம் கண்டுகொண்டால், மறுநாளும் அங்கேயே போய் நிற்கலாம். அடுத்த ஐந்து நாள், திருப்பதி கடப்பை சாலையில் உள்ள மாமண்டூர். செம்மரம் அடர்ந்த பகுதி அது. பாறைச் சரிவுப் புதர்களில் மஞ்சள்தொண்டைச் சின்னானைத் தேடலாம். கடைசி இரண்டு நாள் திருமலை: சிலாதோரணம் என்ற இயற்கைப் பாறை வளைவு, மலைப்பாதையோரம் கருங்கல்மேல் குவார்ட்சைட் அமர்ந்திருக்கும் பாறைச்சந்தி, உலகில் இந்த மலைகளுக்கே உரிய பெட்டோம் சைக்கஸ். திருமலையில் அறை பொதுவாக ஒரு நாளுக்குத்தான் தருவார்கள் என்பதால் அதை நெடுநாள் இருப்பிடமாகக் கணக்கில் வைக்காதீர்கள்.

விளிம்பில் தங்குவதில் இன்னொரு லாபம் மருத்துவமனை. பாம்புக்கடிக்கு மருந்து திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையில் இருக்கிறது. மலை இடுக்கில் தொலைபேசிக்கே அலைவரிசை கிடைக்காது. மழைக்குப் பிந்தைய மாதங்களில் புதர்களில் உட்கார்ந்து எழுபவருக்கு ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வர வாய்ப்புண்டு. ஊர் திரும்பி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் கண்டு, உடலில் எங்காவது சிகரெட் சுட்டதுபோலக் கரும்பொருக்கு தெரிந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சரியான மாத்திரைக்குக் கட்டுப்படும் நோய். சொல்லாமல் விட்டால்தான் முற்றும்.

ஆகவே கூடாரத்தை வீட்டில் வையுங்கள். இரண்டு மாதம் முன்பாகவே திருப்பதி வன உயிரினப் பிரிவின் கோட்ட வன அலுவலருக்கு, இருவர் பெயர், தேதிகள், போக விரும்பும் இடங்கள், நோக்கம் எல்லாம் குறித்துக் கடிதம் எழுதுங்கள். பதில் வந்தபின் விடுப்புக்கு விண்ணப்பியுங்கள். அனுமதியின் நகல் ஒன்று உங்கள் சட்டைப் பையில், ஒன்று தம்பியின் பையில், ஒன்று வீட்டில் இருக்கட்டும். மாலை ஐந்து மணிக்கு விடுதித் திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.