சாவி வாட்ச்: சொல்வதும் உள்ளதும்

"பழைய வாட்ச் சேர்ப்பதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு." சுவிஸ் வாட்ச்தான் வேண்டுமென்றால் அப்படித்தான். எச்.எம்.டி. போதுமென்றால் இல்லை. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு 1961இல் பெங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை அது. ஜனதா, பைலட், கோஹினூர், சோனா எனக் கோடிக்கணக்கான வாட்ச்கள் வெளிவந்தன. கள்ளக்குறிச்சியானாலும் கல்வராயன் மலையில் வெள்ளிமலையானாலும், முதலில் கேட்க வேண்டியது கடைக்காரரை அல்ல, தாத்தாவின் பீரோவை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போட்ட வாட்ச் அங்கே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

"கம்பெனி மூடியாச்சு, இனி லட்சத்தில் போகும்." எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அரசு 2016இல் முடிவெடுத்தது உண்மைதான். ஆனால் இத்தனை கோடி செய்த பொருள் எப்படி அரிதாகும்? ஜனதாவுக்குப் பெருந்தொகை கேட்டால் கும்பிட்டுவிட்டு நகருங்கள்.

"பளபளவென்று இருப்பதுதான் நல்ல வாட்ச்." புதிதாகச் சேர்ப்பவர் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ரோஜா நிறம், கிளிப்பச்சை என்று கண்ணைப் பறிக்கும் டயலோடு இணையத்தில் விற்கும் ஜனதாக்களில் பெரும்பாலானவை பழைய டயலைச் சுரண்டி மறுபடி பெயின்ட் அடித்தவை. உள்ளே நாலு வாட்ச்சின் உதிரிகள் கலந்திருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: எழுத்து தடித்து, கோணலாக, ஓரம் பிசிறடித்திருந்தால் வேண்டாம். பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அதுவே பதில். லேசாகப் பழுப்பேறிய அசல் டயல் எனக்கு ஆயிரம் மடங்கு மேல்.

"17 ஜுவல், உள்ளே மாணிக்கம் இருக்கு." இருக்கிறது, ஆலையில் செய்த செயற்கை மாணிக்கம். சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல வைத்தது. விற்றால் ஒன்றும் தேறாது.

"சாவி அதிகம் கொடுத்ததால் நின்றுபோச்சு." பெரும்பாலும் நிற்பது எண்ணெய் காய்ந்து அழுக்கு சேர்ந்ததால். சாவி இறுகும் இடத்தில் நிறுத்தினால் போதும். ஒரு நாளைக்குச் சில நொடி, ஏன் ஒரு நிமிடம்கூட முன்பின் ஓடினாலும் குறையல்ல.

"வாட்டர் ப்ரூஃப்" என்று பின்மூடியில் இருந்தாலும் நம்பாதீர்கள். உள்ளிருக்கும் ரப்பர் எப்போதோ காய்ந்திருக்கும். மலை மழையில் கழற்றிப் பையில் போடுங்கள்.

முதல் வாட்ச்சுக்கு ஜனதா ஒன்று போதும். ரிப்பேர்க்காரரிடம் கழுவி எண்ணெய் விடச் சொல்லுங்கள்; டயலைத் தொட மட்டும் விடாதீர்கள்.